இருபது வளைவு, இருபது வாய்ப்பாடு

பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் பதிமூன்றாம் வாய்ப்பாடு. பதிமூன்று, இருபத்தாறு, முப்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு. இங்கே ஒரு மூச்சு. அறுபத்தைந்து, எழுபத்தெட்டு, தொண்ணூற்றொன்று. மறுபடி மூச்சு.

"டீச்சர், மூணு நம்பருக்கு ஒரு மூச்சு ஆயிடுச்சு. ஒரு கியர் இறக்குங்க."

பின்னால் வருவது லேத் பட்டறை அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. எங்கள் மூன்று பேரில் சைக்கிளில் மலை ஏறுவதில் வல்லவர் அவர்தான், ஆனால் மார்கழி முழுக்க எனக்குப் பின்னாலேயேதான் வருவார். அவருக்கும் பின்னால் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை. இரவு டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் மட்டும் அவள் வருவாள். நான் கியரை இறக்குகிறேன், கால் இலேசாகிறது, பதிமூன்றாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து தொடங்குகிறேன். இந்த முறை தொண்ணூற்றொன்று வரைக்கும் ஒரே மூச்சு.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. எத்தனையாவது வளைவோ அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு ஏறுவது என்று இந்தக் குளிர்காலத்துக்கு நாங்களாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. நான் கணக்கு டீச்சர் என்பதால் எனக்குத் தோன்றியது. ஆனால் இதன் பின்னால் இருப்பது சைக்கிள் பயிற்சியில் ரொம்பப் பழைய சோதனைதான்: பேச முடிகிற வேகத்தில் ஓட்டு. முழு வாக்கியம் ஒன்றைத் தடங்கல் இல்லாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதயத் துடிப்பு காட்டும் பட்டை இல்லாதவர்களுக்கும் இந்தச் சோதனை போதும்.

போன குளிர்காலத்தில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது. அப்போது எனக்கு ஒரே குறி. பிப்ரவரியில் 200 கிலோமீட்டர் பிரெவே என்ற நீண்ட தூர சைக்கிள் ஓட்டம். போட்டி கிடையாது, 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். அதற்காக அக்டோபர் கடைசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மலை ஏறினேன். ஏறினேன் என்பதைவிட முட்டினேன் என்று சொல்லலாம். போன வாரத்து நேரத்தை இந்த வாரம் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முதலில் 2 மணி 10 நிமிடம், அப்புறம் 2 மணி, டிசம்பர் நடுவில் 1 மணி 48 நிமிடம். அன்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஜனவரி இரண்டாவது வாரத்தில் மாடிப்படி இறங்கும்போது இடது முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு சுருக். இரண்டே வாரத்தில் வகுப்பில் நிற்க முடியவில்லை. பிப்ரவரியில் மற்றவர்கள் 200 கிலோமீட்டர் ஓட்டிய அன்று நான் வீட்டில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாளின் வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

முட்டியைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சீட்டு உயரம் என்ன?" சைக்கிளை எடுத்துவரச் சொன்னார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அப்போதுதான் முட்டி சரியான அளவு மடங்கியிருக்கும். என்னுடையது இரண்டு விரல் அளவு தாழ்வாக இருந்தது. இரண்டாவது கேள்வி, "நிமிஷத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீங்க?" செங்குத்தான இடங்களில் ஐம்பதுகூட வராது. கனமான கியர், தாழ்ந்த சீட்டு, நிமிடத்துக்கு ஐம்பதுக்கும் குறைவான சுற்று, வாரா வாரம் முழு பலம். முட்டி வலித்ததில் மர்மம் ஒன்றும் இல்லை.

அவர் இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார்: ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 10.4 வந்தது. கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவதே ஹீமோகுளோபின்தான். அது குறைவாக இருக்கும்போது எத்தனை மலை ஏறினாலும் பாதிப் பலன்தான். இதைப் படிக்கும் பெண்கள் சைக்கிளுக்குக் கணினி மீட்டர் வாங்குவதற்கு முன்னால், புது டயர் வாங்குவதற்கும் முன்னால், இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நம்மில் நிறைய பேருக்குக் குறைவாகத்தான் இருக்கிறது, களைப்பை வீட்டு வேலையின் கணக்கில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்ட கையோடு டீயோ காபியோ குடிக்கக் கூடாது, இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்தால் நன்றாகச் சேரும் என்றார். நான் அத்தனை வருடமும் காலை மாத்திரை எதுவானாலும் டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் 12.3 ஆனது. அதற்குப் பிறகுதான் இந்தக் குளிர்காலத்துக்கே திட்டம் போட்டேன்.

குளிர்காலப் பயிற்சி என்று படிக்கப் போனால் எல்லாம் ஐரோப்பாக்காரர்கள் எழுதியது. அங்கே சாலைப் பந்தயங்கள் பிப்ரவரி, மார்ச்சில் சூடு பிடிக்கும், அதற்கு முந்தைய மாதங்களில்தான் அடித்தளம் போடுவார்கள். வெளியே பனியும் மழையும் என்பதால் வீட்டுக்குள் டிரெயினரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில், மிதிப்பார்கள், தொழில்முறை வீரர்கள் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போய்விடுவார்கள். நமக்கு எல்லாம் தலைகீழ். நாம் வீட்டுக்குள் ஒளிய வேண்டிய காலம் ஏப்ரல், மே. காலை எட்டரைக்கே தார் ரோடு கொதிக்கும். சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஆண்டில் கிடைக்கிற நல்ல நாட்கள் நவம்பர் மழை விட்டதிலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான். அவர்களுக்குக் குளிர்காலம் பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம், நமக்கு அறுவடைக் காலம். அதனாலேயே நமக்கு ஆசை அதிகம். இதமான காலை, காலியான ரோடு, உடம்பு சொன்னபடி கேட்கிறது, அப்புறம் எப்படி மெதுவாகப் போவது?

ஆனாலும் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று இப்போது முழுமையாக நம்புகிறேன். மெதுவான, நீண்ட நேர மிதியில் தசைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் வேலை பழகுகிறது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறது. இவை வார முயற்சியில் வருவதில்லை, மாதங்கள் ஆகும். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத்தரத்து நீண்ட தூர வீரர்களின் பயிற்சியைப் பார்த்து எழுதியது இதுதான்: அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில் நடப்பவை. நான் போன வருடம் வாரத்துக்கு ஒரே ஒருமுறை மலை ஏறினேன், அதையும் நூறு சதவீதத் தீவிரத்தில்.

சரி, மலையில் மெதுவாகப் போவது எப்படி? சமதரையில் வேகத்தைக் குறைத்தால் போதும். மலையில் ஒரு அளவுக்குக் கீழே போனால் சைக்கிள் ஆடும், விழும். இங்கேதான் கணக்கு வருகிறது. நான் 58 கிலோ. சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 12 கிலோ. ஆக 70 கிலோவை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குப் பக்கம், ஏற்காடு சுமார் 1,500. அடிவாரமே ஊரைவிட உயரம் என்பதால் மலைப்பாதைக்கு ஆயிரம் என்று வைத்துக்கொள்கிறேன். நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 686 கிலோஜூல். ஒன்றரை மணி நேரத்தில் தூக்கினால் 127 வாட். இரண்டே கால் மணி நேரத்தில் தூக்கினால் 85 வாட். டயர் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான், உடம்பிடம் ஒரு நொடிக்குக் கேட்பது மட்டும் வேறு.

என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதுக்கு 28 பல் இருந்தது. பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 1.2 சுற்று. நிமிடத்துக்கு 70 மிதித்தால் வேகம் பத்தரைக்கு மேல் போகும், அந்த ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு என் மூச்சு தாங்காது. மிதியைக் குறைத்தால் முட்டி தாங்காது. அண்ணன்தான் பின்னால் பெரியதுக்கு 34 பல் இருக்கும் கேசட் (பல்சக்கர அடுக்கு) போடச் சொன்னார். அதற்குத் தோதாக, செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லரையும் நீளமானதாக மாற்ற வேண்டியிருந்தது, செயினில் சில கண்ணி கூடியது. செலவுதான். ஆனால் இப்போது பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 70 மிதித்தால் 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாய்ப்பாடு சொல்ல முடிகிற வேகம் அது. பெரிய பல்லைப் போட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற தம்பிகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் முட்டி வலியோடு வீட்டில் உட்காராமல் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

என் அதிகபட்சத் துடிப்பு 178. இந்தக் குளிர்காலத்தில் மலையில் 128-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு. அக்டோபர் கடைசி ஞாயிறு அந்தக் கோட்டுக்குள் முதன்முறையாக ஏறினேன். 2 மணி 41 நிமிடம். போன வருடம் நான் முந்திப் போன ஒரு கல்லூரிப் பையன், ஆறாவது வளைவில் என்னைத் தாண்டிப் போனான். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டான். அன்று அவனுக்குப் பதில் சொல்லாமல் ஆறாம் வாய்ப்பாட்டைச் சொல்வதுதான் அந்த மலையில் நான் செய்த கடினமான வேலை.

வார நாட்களில் இதைவிட எளிது. செவ்வாய், வியாழன் காலை ஐந்து மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி கோரிமேடு, அடிவாரம், குரும்பப்பட்டி பக்கம் சுற்றி, கண்ணங்குறிச்சி மூக்கனேரி வழியாக வீடு. ஒரு மணி நேரம். டிசம்பர் கடைசியில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் வரும், அதனால் முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, பின்னால் இரண்டு சிவப்பு, குறுக்கே ஒளிரும் பட்டை. இருட்டில் தனியாக ஒரு பெண் எப்படிப் போகிறாய் என்று உறவினர்கள் கேட்பார்கள். மார்கழியில் கேட்க வேண்டியதே இல்லை. ஐந்து மணிக்குக் கண்ணங்குறிச்சித் தெருக்களில் வாசலுக்கு வாசல் பெண்கள் இருக்கிறார்கள். சாணம் தெளித்த ஈர வாசலும், கோலப்பொடி டப்பாவும், ஒவ்வொரு வீட்டு முன்விளக்கும். ஆண்டில் வேறெந்த மாதத்திலும் விடியற்காலைத் தெரு இப்படிப் பெண்களுடையதாக இருப்பதில்லை. ஒரு பாட்டி என்னைப் பார்த்தால் கோலத்தை நிறுத்தி, "மெதுவாப் போ கண்ணு, ஈரம்" என்பார். மெதுவாகத்தான் போகிறேன் பாட்டி என்பேன்.

சனிக்கிழமை நீளம். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி போய்த் திரும்பினால் 60 கிலோமீட்டருக்குப் பக்கம். இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். இது நல்ல அமைப்பு. கால் புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்த பிறகு உதவி. எதிர்க்காற்றிலும் அதே விதிதான், வேகத்தைப் பார்க்காதே, மூச்சைப் பார். மணிக்கு 17 என்று மீட்டர் காட்டினால் காட்டட்டும்.

நவம்பர் மழையில் ஒரு வாரம் வெளியே போகவே முடியவில்லை. மொட்டை மாடிக் கொட்டகையில் டிரெயினரில் மாட்டி 45 நிமிடம் மிதித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மழை விட்டதும் மலைக்கு ஓடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். பலத்த மழைக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள் மலையை விட்டுவிடுகிறோம். மழை ஓட்டம் முடிந்த அன்றே அண்ணன் பட்டறையில் சைக்கிளைக் கவிழ்த்து, செயினை டீசல் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய் விடுவோம். பிரேக் கட்டையைக் கழற்றி, அதில் புதைந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் நோண்டி எடுப்பார் அவர். "இது இருந்தா ரிம்மையே கடைசல் புடிச்சிடும்" என்பார். லேத்காரர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

இனி இறக்கம். குளிர்காலத்தில் மலைப்பாதையில் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டிசம்பர் இரண்டாவது ஞாயிறு நான் விழுந்தேன்.

அன்று மேலே ஏரிக்கரையில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் படகு தெரியவில்லை. அண்ணனின் மீட்டர் 13 டிகிரி காட்டியது. ஏறி வந்த வியர்வையில் ஜெர்சி முழுக்க நனைந்திருந்தது. டீ குடித்து, பேசி, இருபது நிமிடம் அப்படியே நின்றுவிட்டு இறங்கத் தொடங்கினோம். ஈரத் துணியோடு, காற்றைக் கிழித்துக்கொண்டு, கால் வேலையே செய்யாமல் இறங்கும்போது உடம்பு சூட்டை உண்டாக்குவதில்லை, இழக்க மட்டும் செய்கிறது. 13 டிகிரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பத்துக்குப் பக்கம் இருப்பது போலத் தைக்கும், அதுவும் காய்ந்த உடம்புக்கு. பதினைந்தாவது வளைவுக்குள் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. பதினொன்றாவது வளைவில் பாறையிலிருந்து கசிந்த தண்ணீரும் சில்வர் ஓக் சருகும் ரோட்டில். அதைப் பார்த்தேன், பிரேக்கைத் தாமதமாக, வளைவுக்குள் போன பிறகு, அழுத்தினேன். முன்சக்கரம் வழுக்கியது. வேகம் பதினைந்துகூட இருக்காது. முழங்கையும் இடுப்பும் சிராய்ந்தன. எதிரே பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தங்கை என் முழங்கையைத் துடைத்துக்கொண்டே சொல்லவும் இல்லை, சொல்லாமல் இருக்கவும் இல்லை. அவள் கை நடுங்கியது.

அதற்கப்புறம் எங்கள் இறக்கம் முழுக்க மாறிவிட்டது. மேலே போனதும் முதல் வேலை டீ இல்லை. பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் காய்ந்த பனியனை மாற்றுவது. பெண்களுக்கு அங்கே அதற்கு இடம் தேடுவது சிரமம்தான், தெரிந்த டீக்கடை அக்கா பின்னறையைத் திறந்து விடுகிறார். அடுத்தது செய்தித்தாள். டீக்கடையில் பழைய தந்தி பேப்பர் இரண்டு தாள் வாங்கி, மடித்து, ஜெர்சிக்கு உள்ளே நெஞ்சில் வைப்பது. ஐரோப்பிய வீரர்கள் மலை உச்சியில் ரசிகர்களிடமிருந்து பேப்பர் வாங்கி நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது நெடுநாள் வழக்கம். காற்றைத் தடுக்கும், எடை இல்லை, கீழே வந்ததும் எடுத்துப் போடலாம். அப்புறம் விரல் முழுக்க மூடும் கையுறை, ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் துணி. இத்தனையும் முடிந்து, சூடு இருக்கும்போதே கிளம்புவது. உட்கார்ந்து பேசுவதெல்லாம் அடிவாரத்தில்.

வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும். உள்ளே போகும்போது பிரேக் விட்டிருக்க வேண்டும். வெளிப்பக்கத்துப் பெடல் கீழே, எடை அதன் மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலுரிமை. பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், வேறு வழியில்லை அதற்கு. ஹாரன் கேட்டால் ஓரம் கட்டி நிற்கிறோம். பத்தாவது வளைவில் எப்படியும் ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்கிறோம். ரிம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூட்டில் உள்ளே டியூப் வெடிக்க வாய்ப்பு உண்டு. நின்ற இடத்தில் விரல்களை உதறிச் சூடேற்றிக்கொள்கிறோம். காட்டெருமை ஒன்று தோட்டத்துக்குள் நின்றதை அப்படி நின்றபோதுதான் பார்த்தோம். வேகமாக இறங்கியிருந்தால் அது கிடைத்திருக்காது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. குளிரில் தாகம் தெரியாது. ஏறும்போது வியர்வை வெயில் காலத்தைவிடக் குறைவு என்று தோன்றும், ஜெர்சியைப் பிழிந்தால் தெரியும். ஐந்து வளைவுக்கு ஒருமுறை தாகம் எடுக்காவிட்டாலும் இரண்டு மடக்கு. கூடவே கடலை மிட்டாய் பாதி, அல்லது இரண்டு பேரீச்சை. மலைக்கு உடம்பு செலவழிப்பது சுமார் 700 கலோரி, வெறும் வயிற்றோடு போன ஒரு ஞாயிறு பதினாறாவது வளைவில் பதினாறாம் வாய்ப்பாடே மறந்துபோனது. பதினாறு, முப்பத்திரண்டு, அதற்கு மேல் வரவில்லை. இருபது வருடமாக அதைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பயந்து ஓரத்தில் உட்கார்ந்தேன். தங்கை வாயில் மிட்டாயைத் திணித்தாள்.

முட்டிக்கான பயிற்சி வீட்டில். ஒற்றைக் காலால் படி ஏறி இறங்குவது, ஒரு காலுக்குப் பதினைந்து, முட்டி உள்பக்கம் சாயாமல். அப்புறம் தோப்புக்கரணம். தெருமுனைப் பிள்ளையாருக்கு முன்னால் தினமும் இருபத்தொன்று, அவசரமில்லாமல், முழுக்க உட்கார்ந்து எழுந்து. முட்டி வலி இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது, வலி போய்ப் பல மாதம் கழித்துத்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

நேற்று ஞாயிறு, பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். ஆறேகாலுக்கு அடிவாரத்தில் தொடங்கினோம். காபிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் நிறைந்த ஜீப் இரண்டாவது வளைவில் தாண்டிப் போனது, பறிப்பு முடியும் சமயம். ஐந்தாவது வளைவுக்கு மேல் பனி, அதற்கு மேல் வெயில். கோடு அதே 128. வாய்ப்பாடு அதே ஒன்று முதல் இருபது. பதினேழு, முப்பத்துநான்கு, ஐம்பத்தொன்று, அறுபத்தெட்டு, எண்பத்தைந்து, நூற்றிரண்டு, எல்லாம் ஒரே மூச்சில். பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. பதினெட்டில் திரும்பிப் பார்த்தேன், அண்ணன் உதடு அசைந்துகொண்டிருந்தது, அவரும் பதினெட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே போய் மீட்டரைப் பார்த்தேன். 2 மணி 18 நிமிடம். துடிப்பு எங்கேயும் கோட்டைத் தாண்டவில்லை. அக்டோபரில் இதே இதயம், இதே துடிப்புக்கு 23 நிமிடம் கூட எடுத்துக்கொண்டது. வலியில்லாத முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். போன வருடத்து 1 மணி 48 நிமிடத்தை எல்லோரிடமும் சொன்னேன், இதைத் தங்கையிடம் மட்டும் காட்டினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, "சரியாத்தான் காட்டுதுக்கா" என்றாள்.

பிப்ரவரி 200 கிலோமீட்டருக்கு இனி நான்கு வாரம். அதில் வாரத்துக்கு ஒருநாள் மட்டும், குரும்பப்பட்டி ஏற்றத்தில் நான்கு நிமிடம் வேகமாக, நான்கு நிமிடம் மெதுவாக, நான்கு முறை. வாய்ப்பாடு சொல்ல முடியாத வேகம் இதுதான் முதல் தடவை. வரும் சனிக்கிழமை ஓமலூர் வழியாக மேட்டூர், போய்வர 100 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்கு அண்ணன் பட்டறை வாசலில் கிளம்புகிறோம். தங்கைக்கு அன்று டியூட்டி இல்லை.